கடலில் பிடித்த மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது: வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் காப்பாற்றுவது?

நன்னீர்த் தொட்டியில் நீந்தும் கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் அநேகமாகப் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன் கதை வேறு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வண்ணத்துப்பூச்சி மீன், சில வாரங்களுக்கு முன்புவரை பவளப்பாறையில் மேய்ந்துகொண்டிருந்திருக்கும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் 1,471 இனங்களைச் சேர்ந்த 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் மீன்கள் தொட்டிகளுக்காக விற்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கடலிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்டவை.

இப்படிப் பிடித்த மீனை வளர்ப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் புது மீனைப் பிரித்து வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டிக்கு இடமும், ஒன்றரை மாதம் காத்திருக்கப் பொறுமையும் இல்லாதவர் அதை வாங்கக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பது மீன் வந்த வழியைப் பார்த்தாலே புரியும்.

பாறையிலிருந்து கடை வரை

நல்ல முறையில் பிடிப்பவர் ஒரு தடுப்பு வலையைப் பாறை ஓரமாக விரித்து, மீனை மெல்ல அதன் பக்கம் ஒதுக்கி, கைவலையால் அள்ளுவார். நேரம் பிடிக்கும் வேலை. மீனின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். கெட்ட முறை சயனைடு. சோடியம் சயனைடைக் கடல்நீரில் கரைத்து, பிழியும் பாட்டிலில் நிரப்பி, மீன் ஒளிந்திருக்கும் பொந்தில் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கும். உள்ளே சிக்கியதை எடுக்கப் பவளத்தையே உடைப்பதும் உண்டு. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இந்தோனேசியா முதலான இடங்களுக்குப் பரவிய வழக்கம் இது. இரு நாடுகளிலும் சட்டம் தடுத்திருக்கிறது; ஆனாலும் முழுதாக ஒழியவில்லை.

சயனைடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே முடக்குகிறது. அங்கேயே சாகாத மீன் தெளிந்து, பார்க்க நன்றாகவே இருக்கும். அதே மருந்து பட்ட பவளம் வெளுத்து மடியும். சயனைடு பட்ட மீனைக் கடையில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க நம்பகமான அடையாளம் எதுவும் இல்லை. "நிறம் அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தால் சயனைடு மீன்" என்று சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கேட்க வேண்டியது, எந்த நாடு, யார் பிடித்தது, எப்படிப் பிடித்தது. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத கடையில், பிடித்த மீன் வாங்காதீர்கள்.

அடுத்த ஆபத்து ஆழம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே கொண்டுவந்தால் மீனின் காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு அதே கணக்கில் விரிந்து உறுப்புகளை நசுக்கும். பொறுப்பானவர்கள் நிறுத்தி நிறுத்தி மணிக்கணக்கில் மேலேற்றுவார்கள். அவசரக்காரர்கள் ஊசியால் காற்றைக் குத்தி எடுப்பார்கள். பழக்கமில்லாத கை குத்தினால் உள்காயமும் தொற்றும் மிஞ்சும். வால் மேலே தூக்க, கீழே இறங்கப் போராடி நீந்தும் மீன் இந்தக் கோளாறில் இருக்கலாம். மலிவாகக் கொடுத்தாலும் அதை எடுக்காதீர்கள்.

அதன் பிறகு சேகரிப்பவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று கை மாறும். பை நீர் கெடாமல் இருக்க, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தீனியை நிறுத்துவார்கள். ஆக, உங்கள் கைக்கு வரும் மீன் பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாதது, பல ஊர் மீன்களோடு ஒரே நீரில் கிடந்து ஒட்டுண்ணிகளை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு செய்யச் சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டையும் சரிசெய்வதற்காகத்தான்.

எந்த மீனைக் கடலிலிருந்து எடுக்கலாம்?

ஒரே பதில் எல்லா இனத்துக்கும் பொருந்தாது. இரண்டு எதிரெதிர் உதாரணங்களைப் பாருங்கள்.

பாங்காய் கார்டினல் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் சாப்பிடாது. ஒரு ஈற்றில் சில பத்துக் குஞ்சுகள்தான். பெரும்பாலான கடல் மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் வெகுதூரம் மிதந்துபோய்ப் புது இடத்தில் குடியேறும். பாங்காய் குஞ்சு பிறந்த இடத்திலேயே கடல் முள்ளெலிகளின் (முட்கள் நிறைந்த உருண்டைக் கடலுயிர்) நீண்ட முட்களுக்கிடையில் ஒதுங்கும். ஆகவே ஒரு திட்டில் அள்ளிவிட்டால் பக்கத்துத் திட்டிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. 1990-களில் தொட்டி வணிகத்துக்குள் வந்த இந்த மீன், 2007-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இடம்பெற்றது. இத்தனைக்கும், தொட்டியில் சுலபமாக இனப்பெருக்கம் செய்யும் மீன் இது. பிடித்த பாங்காயை வாங்குவதற்கு ஒரு நியாயமும் எங்களுக்குத் தெரியவில்லை.

யெல்லோ டேங் நேர் எதிர். ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் மிக அதிகமாகப் பிடிக்கப்பட்ட தொட்டி மீன் இதுதான். எண்ணிக்கை குறைகிறது என்ற புகார் எழுந்ததும் சட்டம் இயற்றி, 1999 இறுதியிலிருந்து 9 பகுதிகளில் பிடிப்பைத் தடைசெய்தார்கள். தடைப் பகுதிகளில் யெல்லோ டேங் மீண்டும் பெருகியது. ஏராளமான முட்டை, தூரம் போகும் குஞ்சு, கண்காணிக்கும் அரசு, மூடிய பகுதிகள் எல்லாம் சேர்ந்தால் பிடித்தும் பிழைக்கவைக்க முடியும் என்பதற்கு இது சான்று. அங்கும் வாதம் ஓயவில்லை: சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அனுமதி தரக் கூடாது என்று 2017-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கரையோர மக்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொட்டி மீன் உயிரோடு போனால்தான் காசு. கொஞ்சம் மீனுக்கே நல்ல விலை கிடைக்கும். பாறை உயிரோடிருந்தால்தான் நாளைக்கும் வருமானம் என்றால், அதை வெடிவைத்து உடைக்காமல் காக்க ஒரு காரணம் கிடைக்கிறது. வலையால் பிடிக்கும் அந்த ஆளுக்குக் கூடுதல் விலை போய்ச் சேரும் வழி இருந்தால், பிடித்த மீனை வாங்குவதை நாங்கள் ஆதரிப்போம்.

எண்ணிக்கை மட்டுமே கணக்கல்ல. மற்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும் கிளீனர் ராஸை, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லிசார்ட் தீவை ஒட்டிய சில சிறு பாறைகளிலிருந்து ஆய்வாளர்கள் அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். 18 மாதத்தில் அங்கு வரும் மீன் வகைகள் பாதியாகக் குறைந்தன. அந்த ராஸ் தொட்டிக்குள் வந்தால் அதற்குத் தேவையான ஒட்டுண்ணித் தீனி கிடைக்காமல் பெரும்பாலும் பட்டினியில் சாகிறது. கடலுக்கும் நஷ்டம், மீனுக்கும் சாவு. கடல் அனிமோனும் இதே ரகம்: பல பத்தாண்டுகள் வாழும் அதை எடுத்தால், அதை நம்பியிருந்த கோமாளி மீன் குடும்பமும் வீடிழக்கும்.

முதலில் தேட வேண்டியது, தொட்டியில் பிறந்த மீன்

கோமாளி மீன், டாட்டிபேக், நியான் கோபி, பாங்காய் கார்டினல், கடற்குதிரை ஆகியவற்றுக்குப் பண்ணைக் குஞ்சு கிடைக்கும். கடற்குதிரை இனங்கள் முழுவதும் 2004 முதல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. எல்லை தாண்டி விற்க ஆவணம் வேண்டும். யெல்லோ டேங்கை ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-ல் முதன்முதலாக முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தது. அடுத்த ஆண்டே ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில் புளூ டேங் சாத்தியமானது. இவை தாமதமானதற்குக் காரணம் குஞ்சின் வாய். பொரிந்த டேங் குஞ்சுக்கு, பண்ணைகளில் தரும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கூடப் பெரிய இரை. அதைவிடச் சின்னக் கோபிபாட் (இறால் இனத்து நுண்ணுயிர்) குஞ்சுகளை வாரக்கணக்கில் இடைவிடாமல் உற்பத்தி செய்ய வேண்டும். பண்ணை டேங் ஏன் விலை கூடுதல் என்பதற்கும் அதுவே விடை.

பண்ணைக் குஞ்சு முதல் நாளே துகள் தீனி தின்னும். மனிதக் கைக்குப் பயப்படாது. புதிதாகத் தொடங்குபவர் முதல் ஓராண்டு இவற்றோடு மட்டும் இருங்கள்.

எந்த நிலையிலும் வாங்கக் கூடாதவை

மூரிஷ் ஐடல், பவளப் பூச்சியை மட்டும் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் இனங்கள், ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷ், ரிப்பன் ஈல், கிளீனர் ராஸ். இவற்றின் இயல்பான இரையை வீட்டில் தர முடியாது. அளவு காரணமாக ஒதுக்க வேண்டியவை பேட்ஃபிஷ், பேந்தர் குரூப்பர் போன்றவை. கடையில் விரல் நீளம் இருக்கும் பேந்தர் குரூப்பர் 70 செ.மீ. வரை வளரும். புளூ டேங் 30 செ.மீ. வரை வளர்ந்து, நாள் முழுக்க நீளமாக நீந்தும் மீன், 180 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த தொட்டி அதற்குச் சிறை.

மாண்டரின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றும் மீன் இதுதான். அமைதியானது, சிறியது, நோயும் எளிதில் ஒட்டாது. பாறையில் ஊர்ந்தபடி ஒவ்வொரு கோபிபாடாகக் கொத்திக்கொண்டே இருக்கும், நிறுத்தவே நிறுத்தாது. பார்ப்பவருக்கு "நன்றாகச் சாப்பிடுகிறது" என்று தோன்றும். புதுத் தொட்டியில் இருக்கும் கோபிபாட் சில வாரத்தில் தீர்ந்துவிடும். கொத்தல் மட்டும் தொடரும். மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் முதுகின் இரு பக்கமும் பள்ளம் விழுந்து, உடல் ஆப்புபோல் ஒடுங்கியிருந்தால் அது பட்டினி. ஓராண்டுக்கு மேல் ஓடிய, கோபிபாட் பெருக்கும் தனி அறை இணைத்த 250 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி இல்லாதவர், துகள் தின்னப் பழக்கிய பண்ணை மாண்டரினை மட்டும் யோசிக்கலாம்.

தொட்டிகளைத் தயார் செய்தல்

இரண்டு தொட்டி வேண்டும். பெரிய தொட்டி பற்றிச் சுருக்கமாக: சிறு மீன்களுக்கே 200 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஆர்.ஓ. டி.ஐ. வடிகட்டியில் சுத்தம் செய்து, டி.டி.எஸ். (நீரில் கரைந்தவற்றின் அளவு) 0 காட்டும் நீர், லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 38 கிராம் கடல் தொட்டி உப்புக் கலவை, பவர்ஹெட்டும் (நீரைச் சுழற்றும் பம்ப்) ஹீட்டரும் போட்டு 24 மணி நேரம் கலக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. அடர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பி.எச். 8.0 முதல் 8.4. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபார்த்த பிறகே நம்புங்கள். வெறும் நீரில் பூஜ்யம் வைத்த கருவி உப்பு அளவில் தவறலாம். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்துவிட்டதா என்று பார்க்க, அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஊற்றினால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அந்த நிலை வர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் கூடாது.

தனிமைத் தொட்டிதான் இந்த வழிகாட்டியின் மையம். 75 முதல் 100 லிட்டர் போதும்; பெரிய டேங் என்றால் இன்னும் பெரிதாக. அடியில் மணல் வேண்டாம், பாறையும் வேண்டாம், இரண்டும் நோய்க்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்தை உறிஞ்சும். ஒளிய இடமாக 2 அல்லது 3 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் எல்போக்களும் போடுங்கள்; மீன் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக. மணலில் புதைந்து தூங்கும் ராஸ் இனத்துக்கு மட்டும் சிறு டப்பாவில் மணல் வையுங்கள், காப்பர் அளவை அடிக்கடி சோதிக்கத் தயாராக இருங்கள். ஹீட்டர், வெப்பமானி, ஏர் பம்ப், மேலே இறுக்கமான வலை மூடி. மூடி இல்லாத தொட்டியிலிருந்து முதல் இரவிலேயே ராஸ் குதித்துத் தரையில் காய்ந்து கிடக்கும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குறைந்தது 4 வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்பில் (கீழே இணைத்த வடிகட்டும் தொட்டி) போட்டு, பாக்டீரியா படியவிட்டிருக்க வேண்டும். தனிமைத் தொட்டியில் மீன் சாவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் நோயோ மருந்தோ அல்ல, பழகாத ஃபில்டரால் ஏறிய அம்மோனியா. "தனிமைத் தொட்டி மீனைக் கொல்லும்" என்று சொல்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் இதுதான்.

கடையில்

மீன் வந்த அன்றே வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்து, ஒரு வாரம் கடையிலேயே வைக்கச் சொல்லுங்கள். பிறகு போய், உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். வாயில் எடுத்து உடனே துப்பினால் அது சாப்பிட்டதாகாது. விழுங்கி, அடுத்ததைத் தேடி வர வேண்டும். நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். அதே தொட்டியில் உள்ள மற்ற மீன்களைவிட மிக வேகமாக, அல்லது ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தால் வேண்டாம். கண் மங்கல், துடுப்பு நுனியில் வெண்புள்ளி, பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு உள்வாங்கியிருப்பது, பவர்ஹெட் நீரோட்டத்தின் முன்னாலேயே அசையாமல் நிற்பது, எல்லாம் விலக்க வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது, செவுளைத் தாக்கும் வெல்வெட் நோயில் அடிக்கடி வரும்.

கடை நீரின் அடர்த்தியையும், காப்பர் இருக்கிறதா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல கடைகள் 1.018 முதல் 1.020-ல் வைத்திருக்கும்.

பையிலிருந்து நீருக்கு

இங்கே பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அந்த அமில நிலையில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். மணிக்கணக்கில் பையில் கிடந்து வந்த மீனுக்கு, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் நீர் சேர்ப்பது, அதன் கழிவிலேயே அதைச் சுடுவதற்குச் சமம்.

1. தனிமைத் தொட்டியின் அடர்த்தியைக் கடை நீரின் அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.
2. அறை விளக்கை மங்கலாக்கி, மூடிய பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள்.
3. பையைத் திறந்து உடனே அடர்த்தியை அளவிடுங்கள். வித்தியாசம் 0.001-க்குள் இருந்தால் நேராக மாற்றலாம். அதிகமாக இருந்தால் தொட்டி நீரைச் சரிசெய்யுங்கள், மீனைக் காக்கவைக்காதீர்கள்.
4. மீனை வலையில் எடுக்காமல் சிறு டப்பாவிலோ ஈரக் கையிலோ எடுத்து விடுங்கள். முட்கள் வலையில் சிக்கினால் காயமாகும். பை நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.
5. அன்று விளக்கு வேண்டாம். அடர்த்தியை அடுத்தடுத்த நாட்களில் நாளுக்கு 0.001 முதல் 0.002 வீதம் ஏற்றுங்கள்.

பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்கு இந்த அம்மோனியா ஆபத்து குறைவு. அப்போது மெதுவான கலப்பும் செய்யலாம். அடர்த்தி இறங்குவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென ஏறுவதைத் தாங்காது என்பதை மறக்க வேண்டாம்.

சாப்பிடவைத்தல்

மருந்துக்கு முன் தீனி. ஒட்டுண்ணி அறிகுறி கண்ணுக்குத் தெரியாத மீனுக்கு முதல் 3 முதல் 5 நாட்கள் மருந்தே போடாமல் சாப்பிடப் பழக்குங்கள்.

பிடித்த மீனுக்குத் துகள் தீனி உணவாகவே தெரியாது, அசைவதுதான் உணவு. உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலில் தொடங்குங்கள். அதில் சத்து குறைவு என்பதால் கொழுப்பமிலக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். தொடர்ந்து ஏற்றால், அதோடு உறைந்த மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிர்) கலந்து, ஒவ்வொரு நாளும் மைசிஸ் பங்கைக் கூட்டுங்கள். மைசிஸ் பழகிய பிறகு, அதன் சாற்றில் ஊறிய துகள். டேங் இனத்துக்கு உப்பும் எண்ணெயும் சேராத காய்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி அடியில் வையுங்கள். கிளிப்பில் மேலே தொங்கவிட்டதைவிட இதை மேய்வது அதற்கு இயல்பு. நாளுக்கு 3 முதல் 5 வேளை, ஒவ்வொன்றும் 2 நிமிடத்தில் தீரும் அளவு. மிஞ்சியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனின் நீண்ட மூக்கு, இடுக்கில் இருக்கும் புழுவை இழுக்க அமைந்தது. அதன் எதிரில் மைசிஸ் மிதந்தால் பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு மட்டியை ஓட்டோடு பிளந்து அடியில் வையுங்கள். முதலில் சுற்றிவரும், ஒரு கண்ணால் சாய்ந்து பார்க்கும், பிறகு ஓட்டு விளிம்பில் மூக்கைச் செருகித் தசையை நூலிழையாகப் பிய்க்கும். அதன் பிறகு அதே ஓட்டில் மைசிஸைத் திணித்து வைத்தால் அதையும் எடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஓடு இல்லாமலேயே மைசிஸ் தின்னப் பழகிவிட வாய்ப்புண்டு. ஆனால் சில காப்பர்பேண்ட்கள் எதையும் ஏற்காது. ஏற்கெனவே தின்பதைப் பார்க்காமல் இதை வாங்க வேண்டாம்.

நோய் நீக்கம்

கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீன்மேல் 3 முதல் 7 நாள் இருந்துவிட்டு உதிர்ந்து, தரையில் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடும். புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைப்பது இதனால்தான் தவறு. அது உதிர்ந்திருக்கிறது, அவ்வளவே. வெல்வெட் நோயின் கிருமியான அமைலோடினியம் செவுளைத் தாக்கி ஓரிரு நாளில் முழுத் தொட்டியையும் கொல்லும்.

இரண்டுக்கும் மருந்து காப்பர். அயனிக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி.; கீலேட் வகை (வேறு பொருளோடு பிணைத்த காப்பர்) என்றால் புட்டியில் சொன்னபடி, பெரும்பாலும் 2.0 முதல் 2.5 மி.கி. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஒன்று பயனற்றது, மற்றது விஷம். சோதனைக் கருவியும் அந்த வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். 4 நாளில் படிப்படியாக ஏற்றி, முழு அளவுக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் குறையாமல் வைத்திருங்கள். ஒரு நாள் அளவு குறைந்தாலும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நீர் மாற்றும்போது புது நீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனரைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். சில வகைக் காப்பரை அது மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாற்றிவிடும். அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுவதுதான் வழி. சுறா, திருக்கை வகைகளுக்குக் காப்பர் ஆகாது.

காப்பர் தாங்காத மீனுக்கு, வெண்புள்ளி மட்டும் என்றால், தொட்டி மாற்றும் முறை உண்டு: 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 4 முறை, முற்றிலும் காய்ந்த கருவிகளும் புது நீரும் உள்ள வேறு தொட்டிக்கு. உதிர்ந்த கூட்டிலிருந்து அடுத்த தலைமுறை வெளிவருவதற்குள் மீன் இடம் மாறிவிடும். வெல்வெட்டுக்கு இது பலிக்காது.

தட்டைப்புழுவுக்கு பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மி.கி. முட்டையை அது கொல்லாது என்பதால் 5 முதல் 7 நாள் கழித்து மறுபடி. ஆக்சிஜன் குறையும், ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். காப்பர் முடிந்த பிறகு இதைச் செய்வது நல்லது. முடிவில் மருந்தில்லாத நீரில் ஒரு வாரம் கவனிப்பு. ஆக, மொத்தம் ஏறத்தாழ 7 வாரம்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது சிறு துளைகள் உள்ள ஒளிபுகும் பெட்டியில் 2 முதல் 4 நாள் வையுங்கள். பழைய மீன்கள் முட்டி மோதி அடங்கிய பிறகு திறந்துவிடலாம். சண்டைக்கார மீனைக் கடைசியாகச் சேருங்கள். நோய் எப்படியோ பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் மீனில்லாமல் ஓடவிட வேண்டும். கிரிப்டோகேரியான் கூடு 72 நாள் வரை உயிரோடிருந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே காப்பர் போட நினைக்காதீர்கள். பவளமும் இறாலும் நத்தையும் மடியும், பாறையில் படிந்தது பல காலம் கசியும்.

வைத்திருக்க முடியாமல் போனால்

கோமாளி மீன் 20 ஆண்டுக்கு மேல் வாழும். டேங் 30-ஐத் தாண்டும். வீடு மாறலாம், உடல்நிலை மாறலாம். வாங்கும்போதே திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையையோ, இன்னொரு வளர்ப்பாளரையோ பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் விடுவது தீர்வாகாது, அது பிடித்த கடலாகவே இருந்தாலும். தொட்டி நோயும் கூடவே போகும். இந்தோ-பசிபிக் கடலுக்குரிய சிங்க மீன் 1985-ல் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து வந்ததாகவே பரவலாகக் கருதப்படும் அந்த இனம் இன்று கரீபியன் முழுக்கப் பரவி உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்கிறது. 1984-ல் மொனாக்கோ கரையோரம் தென்பட்ட காலெர்ப்பா பாசியும் கண்காட்சித் தொட்டியிலிருந்து போனதுதான். மத்தியதரைக் கடலின் பல கரையோரங்களுக்குப் பரவியது.

பிழைக்க வழியில்லாத மீனைத் துடிக்கவிடாதீர்கள். 1 லிட்டர் தொட்டி நீருக்கு 0.4 மி.லி. கிராம்பு எண்ணெய் என்று எடுத்து, மூடிய பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு பால்போல் வெண்மையாகும்வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றி அது மயங்கிச் சாய்ந்ததும் மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு முற்றிலும் நின்ற பிறகும் 10 நிமிடத்துக்குக் குறையாமல் அதே நீரில் இருக்கட்டும். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் கழிப்பறையில் விடுவதும் கொடுமை. இறந்த மீனை உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தனிமைத் தொட்டி நீரையும் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள், கடலிலோ ஆற்றிலோ வேண்டாம். வலை, குழாய், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே அடுத்த மீனைப் பற்றி யோசியுங்கள்.